மறைபொருளும் உரைநெறியும்: மாக்கியவெல்லியின் ‘இளவரசன்’ நூலையும் விருத்தாசலக் காடவர் கல்வெட்டையும் முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஐரோப்பிய மறுமலர்ச்சிக்கால அரசியல் நூல்களுள் மிகுதியான உரைவேறுபாடுகளைக் கண்டது நிக்கோலோ மாக்கியவெல்லியின் ‘இளவரசன்’. கொடுங்கோலர்க்கு அறிவுரை, மக்களுக்கு எச்சரிக்கை, அங்கதம், ஆள்வோனை வீழ்த்தும் பொறி, சமயத்திற்கு எதிரான தத்துவத்தை மறைத்துவைத்த பேழை என்றெல்லாம் அது பொருள்கொள்ளப்பட்டுள்ளது. ஒரு நூலின் மேற்பரப்புக்குக் கீழே வேறொரு பொருள் உண்டு என்று சொல்வதற்கு வாசகருக்கு எப்போது உரிமை பிறக்கிறது என்பதே இக்கட்டுரையின் வினா. தமிழ் இலக்கண, உரை மரபுகள் உள்ளுறைக்கு வகுத்த வரம்புகளிலிருந்து நான்கு அளவுகோல்களைத் திரட்டி, அவற்றை ‘இளவரசன்’ குறித்த முதன்மையான வாசிப்புகளின்மீது இக்கட்டுரை பொருத்துகிறது. பின்னர், சக ஆண்டு 1108-ஐச் சேர்ந்த விருத்தாசலக் காடவர் கல்வெட்டைக் கொண்டு அவ்வளவுகோல்களைச் சோதிக்கிறது.

திறவுச்சொற்கள்: மாக்கியவெல்லி, மறைபொருள், உள்ளுறை, உரைநெறி, லியோ ஸ்ட்ராஸ், காடவர், விருத்தாசலம், குறிப்பறிதல்.

முன்னுரை

ஆள்வோரைப் பற்றி எழுதுவோர் எல்லாக் காலத்தும் வெளிப்படையாக எழுதியதில்லை. அஞ்சி மறைத்தோர் உளர். அவையறிந்து அடக்கியோர் உளர். தகுதியுடையார் மட்டுமே அறிக எனக் குறிப்பாக வைத்தோரும் உளர். ஆதலின் அரசியல் நூல்களை வாசிப்போர், சொல்லப்பட்டதோடு நில்லாது சொல்லாது விடப்பட்டதையும் நோக்குவது இயல்பு. ஆயினும் இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நூலின் சொல்லுக்கு எதிரான பொருளையும் ‘மறைபொருள்’ எனக் கொள்ளலாம் என்றால், வாசகர் விரும்பிய எதனையும் எந்நூலிலும் காண இயலும். அந்நிலையில் நூல் வாசகரின் முகம் காட்டும் ஆடியாக மாறிவிடும். திருக்குறளுக்கு உரைகண்ட சமயத்தார் பலரும் அதில் தத்தம் சமயத்தையே கண்டனர் என்பது தமிழ் வாசகர் நன்கறிந்த வரலாறு. ஆகவே மறைபொருளை மறுப்பதும் பிழை. வரம்பின்றி ஏற்பதும் பிழை. இரண்டிற்கும் இடையில் ஒரு நெறி தேவைப்படுகிறது.

1. மறைத்தெழுத நேர்ந்த சூழல்

மாக்கியவெல்லி 1469-இல் புளோரன்சு நகரில் பிறந்தவர். 1498 முதல் 1512 வரை அந்நகரக் குடியரசின் இரண்டாம் செயலகத்தில் பொறுப்பு வகித்தவர். தூதராகப் பல அரசவைகளுக்குச் சென்றவர். கூலிப்படைகளை நம்பாது நாட்டு மக்களைக் கொண்டே படை திரட்டவேண்டும் என்று வாதிட்டு, 1506-இல் அத்தகைய படையொன்றை அமைக்கக் காரணமானவர். 1512-இல் மெதிச்சிக் குடும்பத்தார் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியபோது பதவி இழந்தார். 1513 பிப்ரவரியில் மெதிச்சியருக்கு எதிரான சதியில் தொடர்புடையவர் என்ற ஐயத்தின்பேரில் சிறைப்பட்டு, கைகளைப் பின்புறம் கட்டிக் கயிற்றில் தூக்கும் வதைக்கு உள்ளானார். மெதிச்சிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் பத்தாம் லியோ என்னும் பெயரில் போப்பாண்டவர் ஆனதையொட்டி, பொதுமன்னிப்பில் அவ்வாண்டு மார்ச்சில் விடுதலை பெற்றார்.

அவ்வாண்டிலேயே ‘இளவரசன்’ உருப்பெற்றது. தமிழில் அவ்வாறு வழங்கினும், மூலத் தலைப்பு அரசன் மகனைச் சுட்டுவதன்று. ஆள்வோன் என்னும் பொருளது. 26 இயல்களைக் கொண்ட அச்சிறுநூல் மெதிச்சிக் குடும்பத்தவருக்கே காணிக்கையாக்கப்பட்டது. அதாவது, தம்மைப் பதவி நீக்கி வதைக்கு உட்படுத்திய ஆட்சியின் தலைவருக்கே ஆட்சிக்கலையை எழுதி அளிக்கிறார் ஆசிரியர். இச்சூழலே மறைபொருள் பற்றிய ஐயத்திற்கு முதல் வித்து.

இரண்டாம் வித்து, அவரது இன்னொரு பெருநூல். உரோம வரலாற்றாசிரியர் லிவியின் முதற் பத்துப் புத்தகங்களை முன்வைத்து எழுதிய ‘உரைகள்’ குடியரசைப் போற்றுவது. ஒருவரே எவ்வாறு குடியரசையும் போற்றித் தனியாள் ஆட்சிக்கும் வழி சொல்லக்கூடும் என்னும் வினா, இரு நூல்களுள் ஒன்றையேனும் வேறாக வாசிக்கத் தூண்டுகிறது. ‘உரைகள்’ 1531-இலும் ‘இளவரசன்’ 1532-இலும் ஆசிரியர் மறைந்த பின்னரே அச்சேறின. போப்பாண்டவரின் இசைவோடு அச்சான ‘இளவரசன்’, 1559-இல் திருச்சபையின் தடைநூற் பட்டியலில் இடம்பெற்றது. ஒரே நூல் 27 ஆண்டுகளில் இசைவும் தடையும் பெற்றமை, அதனை எவ்வாறு வாசிப்பது என்பதில் அக்காலத்தாரே ஒருமித்திருக்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

2. ‘இளவரசன்’ பெற்ற உரைகள்

நூல் அச்சேறிச் சில ஆண்டுகளிலேயே மறைபொருள் வாசிப்பு தொடங்கிவிட்டது. ஆங்கிலக் கர்தினால் ரெஜினால்டு போல் அந்நூலைக் கடுமையாகக் கண்டித்தவர். எனினும், ஆள்வோனுக்குக் கேடு விளைவிக்கும் அறிவுரையைத் தந்து அவனை விரைவில் வீழச்செய்வதே மாக்கியவெல்லியின் உட்கருத்து என்று புளோரன்சு நகரத்தார் தம்மிடம் கூறியதாக 1539-ஐ ஒட்டிய தமது எழுத்தில் அவரே குறித்துள்ளார். சட்ட அறிஞர் அல்பெரிக்கோ ஜென்டிலி 1585-இல் வெளியான தூதியல் நூலில் வேறொன்று சொன்னார்: மாக்கியவெல்லி மக்களாட்சியை விரும்பியவர்; கொடுங்கோலனுக்குக் கற்பிப்பது போலக் காட்டி, அவனது மறைச்செயல்களை மக்களுக்கு வெளிப்படுத்தினார் என்பது அவர் கருத்து. பதினேழாம் நூற்றாண்டில் ஸ்பினோசாவும், 1762-இல் வெளியான ‘சமுதாய ஒப்பந்தம்’ நூலில் ரூசோவும் இத்திசையிலேயே சென்றனர். சேசரே போர்ஜியா போன்ற ஒருவனை முன்மாதிரியாகத் தேர்ந்ததே ஆசிரியரின் மறைநோக்கத்திற்குச் சான்று என்பது ரூசோவின் பெயரில் பின்னர் வந்த அடிக்குறிப்பு.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வாசிப்புகள் மேலும் கிளைத்தன. 1958-இல் காரெட் மாட்டிங்லி அந்நூலை அங்கதமாகக் கொள்ளும் வாதத்தை முன்வைத்தார். 1986-இல் மேரி டயட்ஸ், அது லொரென்சோ தெ மெதிச்சியை வீழ்த்த விரித்த வலை என்றார்: நகரத்திலேயே குடியிரு, குடிமக்களுக்குப் படைக்கலம் கொடு, கோட்டையை நம்பாதே, வரையாது வழங்காதே என்னும் அறிவுரைகள், குடியரசு நினைவு மாறாத புளோரன்சில் பின்பற்றப்பட்டால் ஆள்வோனுக்கே கேடாக முடியும் என்பது அவர் வாதம்.

இவை அனைத்தினும் ஆழமாகச் சென்றவர் லியோ ஸ்ட்ராஸ். செருமனியிலிருந்து வெளியேறி அமெரிக்காவில் பணியாற்றிய யூத அறிஞரான இவர், 1952-இல் வெளியிட்ட நூலில், துன்புறுத்தலுக்கு அஞ்சும் சிந்தனையாளர் வரிகளுக்கிடையில் எழுதும் கலையைக் கையாள்வர் என்று வாதிட்டார். 1958-இல் மாக்கியவெல்லி குறித்துத் தனிநூலே எழுதினார். அவர் கருத்தில் மாக்கியவெல்லி மறைத்தது அரசியல் சார்பை மட்டுமன்று. விவிலியச் சமயத்தையும் பண்டைத் தத்துவத்தையும் ஒருங்கே மறுக்கும் புதியதொரு தத்துவத்தையே மறைத்தார்.

இதற்கு எதிர்முனையில் நிற்பவர் குவென்டின் ஸ்கின்னர். 1969-இல் வெளிவந்த புகழ்பெற்ற கட்டுரையில், பழைய நூல்களில் இல்லாத ஒருமைப்பாட்டை நாமே ஏற்றிக்கூறும் போக்கை அவர் கண்டித்தார். ஒரு நூலாசிரியர் தம் காலத்து வழக்குகளுக்குள் நின்று என்ன செய்ய முனைந்தார் என்பதே வினாவாக வேண்டும் என்பது அவர் நிலை. சான்றாக, ஆள்வோன் நரியாகவும் சிங்கமாகவும் இருக்கக் கற்கவேண்டும் என்னும் 18-ஆம் இயலின் கருத்தை நோக்கலாம். வன்மையும் வஞ்சகமும் சிங்கத்திற்கும் நரிக்கும் உரியன, மாந்தர்க்கு ஒவ்வாதன என்று சிசெரோ முன்பே எழுதியிருந்தார். சிசெரோவைப் பள்ளியிலேயே பயின்ற அக்கால வாசகர், பெயர் சொல்லாமலே இம்மறுப்பை உணர்ந்திருப்பர். இங்கு மறைபொருள் என ஒன்றில்லை. அறிந்தார் அறியும் குறிப்பு உண்டு. மறைப்பும் குறிப்பும் வேறு என்னும் இவ்வேறுபாடு மேல்வரும் ஆய்வுக்கு இன்றியமையாதது.

3. தமிழ் மரபு வகுத்த வரம்புகள்

சொல்லாத பொருளை உணர்த்துவது தமிழ்ச் செய்யுள் மரபின் உயிர்நிலை. ஆயினும் தொல்காப்பியம் உள்ளுறையை வாசகரின் விருப்பத்திற்கு விட்டுவிடவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. தெய்வம் ஒழிந்த ஏனைக் கருப்பொருள்களே உள்ளுறைக்கு நிலைக்களம் என்று அது வரையறுக்கிறது. அதாவது, மறைபொருள் எங்கு உறையலாம், எங்கு உறையலாகாது என்பதற்கு இடவரையறை உண்டு. மேலும் உவமவியலில், தலைவி கூறும் உள்ளுறை அவள் அறிந்தவற்றுக்குள் அமையவேண்டும், தோழி கூறுவது தன் நிலத்தைக் கடந்து செல்லலாகாது என்று கூற்றுக்கு உரியோரை வைத்தும் வரம்பு கட்டுகிறது. சொல்வோர் அறியாத ஒன்றை அவர் சொல்லின் உட்பொருளாக்க இயலாது என்பது இதன் சாரம்.

நூல் இயற்றும் உத்திகள் 32 எனக் கூறும் நன்னூல், அவற்றுள் ‘உய்த்துணர வைப்பு’ என்பதையும் சேர்க்கிறது. இது ஆசிரியரின் செயலைக் குறிக்கும் பெயர் என்பது நோக்கத்தக்கது. உணர்பவர் வாசகர், உணருமாறு வைத்தவர் ஆசிரியர். வைத்ததற்கான தடம் நூலில் இருந்தாக வேண்டும்.

அரசியற் செய்யுளில் இத்தடம் எவ்வாறு அமையும் என்பதற்குப் புறநானூற்றின் 95-ஆம் பாடல் சிறந்த சான்று. அதியமானின் தூதாகச் சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசப்பட்டுக் காவல்மிக்க மனையில் அவை உள்ளன என்று ஔவையார் பாடுகிறார். தம் தலைவனின் வேல்களோ பகைவரைக் குத்தி முரிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார். மேலோட்டமாக ஒன்று புகழ்ச்சி, மற்றொன்று இகழ்ச்சி. ஆனால் படைக்கலத்தின் பயன் போர் என்பதை அறிந்த எவரும் பொருள் தலைகீழாவதை உணர்வர். தூது என்னும் சூழலைப் பாட்டின் கொளு தருகிறது; பொருள் திரும்பும் இடத்தைப் பாட்டே தருகிறது; அவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்குகின்றன.

திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்னும் தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. 71-ஆவது பொருட்பாலில் அமைச்சியலைச் சார்ந்தது. 110-ஆவது காமத்துப்பாலில் உள்ளது. அரசனிடத்தும் காதலியிடத்தும் சொல்லாததை அறியவேண்டும் என்னும் இவ்விணைப்பு, குறிப்பறிதல் ஓர் அரசியல் திறன் என்பதை உணர்த்துகிறது. அங்கும் முகமும் கண்ணும் என்று அறிதற்குரிய புறத்தடங்கள் சுட்டப்படுகின்றன. தடமின்றி அறிவது அறிதலாகாது, கற்பித்தலாகும்.

உரைகளுள் சிறந்ததைத் தேர்வது எவ்வாறு என்பதற்கும் தமிழ் மரபில் ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. இறையனார் அகப்பொருளுக்குப் புலவர் பலர் உரைசெய்ய, வாய்பேசாச் சிறுவனாகிய உருத்திரசன்மன் நடுவராக அமர்கிறான். நக்கீரர் உரையைக் கேட்டபோது அவன் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்ததால் அதுவே மெய்யுரை எனத் துணியப்பட்டது. இக்கதையின் வரலாற்றுத் தன்மை எவ்வாறாயினும், அதன் உட்கோள் தெளிவானது: உரைகாரர் தம் உரைக்குத் தாமே நடுவராதல் இயலாது.

மேற்கண்டவற்றிலிருந்து நான்கு அளவுகோல்களைத் திரட்டலாம். முதலாவது சூழல்: மறைக்கவேண்டிய தேவை ஆசிரியர்க்கு இருந்ததா? இரண்டாவது தடம்: நேர்ப்பொருள் இடறும் இடம் நூலிலேயே உண்டா, அவ்விடறலுக்கு வழக்கு, மறதி போன்ற எளிய காரணம் இல்லையா? மூன்றாவது அறிவெல்லை: கூறப்படும் மறைபொருள் ஆசிரியரும் அவர் கருதிய வாசகரும் அறியக்கூடிய எல்லைக்குள் உள்ளதா? நான்காவது புறச்சான்று: அவ்வுரையைப் பொய்ப்பிக்கக்கூடிய சான்று எதுவென உரைகாரர் சொல்ல இயலுமா, அச்சான்றை அது எதிர்கொண்டு நிற்கிறதா?

4. அளவுகோல்களின் வழி ‘இளவரசன்’

சூழல் என்னும் முதல் அளவுகோல் எல்லா மறைபொருள் வாசிப்புகளுக்கும் பொதுவாகவே துணைநிற்கிறது. ஆதலின் அது ஒன்றினும் மற்றொன்றைச் சிறந்ததாக்காது. வேறுபாடு எஞ்சிய மூன்றில்தான் வெளிப்படும்.

பொறி என்னும் வாதத்தை முதலில் நோக்கலாம். கோட்டைகளை நம்பலாகாது என்பது லொரென்சோவை ஏமாற்றக் கூறிய அறிவுரை என்றால், குடியரசு நண்பர்களுக்கு எழுதிய ‘உரைகள்’ நூலில் அது இடம்பெறக் காரணமில்லை. ஆனால் அந்நூலின் இரண்டாம் புத்தகம் 24-ஆம் இயலிலும் கோட்டைகள் பெரும்பாலும் பயனினும் தீங்கே விளைப்பன என்னும் கருத்து விரிவாக உள்ளது. குடிமக்கள் படைக்கலம் தாங்கவேண்டும் என்பதோ அவர் பதவியிலிருந்த நாளிலேயே செயற்படுத்திய கொள்கை. ஒருவர் நண்பருக்கும் பகைவருக்கும் ஒரே மருந்தைப் பரிந்துரைத்தால் அதனை நஞ்சென்று கொள்வது அரிது. எனவே நான்காம் அளவுகோலில் இவ்வாதம் தளர்கிறது.

அங்கதம் என்னும் வாதமும் அவ்வாறே. 1513 டிசம்பர் 10-இல் நண்பர் வெத்தோரிக்கு எழுதிய மடலில், பகற்பொழுதைச் சிற்றூர் மாந்தருடன் கழித்து, மாலையில் அவைக்குரிய ஆடை அணிந்து பண்டையோரின் நூல்களோடு உரையாடுவதை மாக்கியவெல்லி விவரிக்கிறார். அவ்வுரையாடலிலிருந்தே இந்நூல் பிறந்ததெனவும், மெதிச்சியர் தமக்கு ஏதேனும் ஒரு பணி தரமாட்டார்களா எனவும் எழுதுகிறார். மறைக்கத் தேவையில்லாத நண்பரிடம் நூலைப் பற்றி இத்துணை அழுத்தத்தோடு பேசியவர் அதனை நகையாட்டாக எழுதினார் என்பதற்கு வலுவான தடம் வேண்டும். அத்தடம் கிட்டவில்லை.

மக்களுக்கு வெளிப்படுத்தினார் என்னும் ஜென்டிலி, ரூசோ மரபிற்கு நூலிலேயே ஓரளவு ஆதரவு உண்டு. 15-ஆம் இயலில் ஆசிரியர் தாம் எழுதுவது புரிந்துகொள்ளும் எவர்க்கும் பயன்பட வேண்டும் என்கிறார். ஆள்வோர்க்கு மட்டும் என்று வரையறுக்கவில்லை. காணிக்கை மடலில், மலையை வரைவோர் தாழ்நிலத்தில் நிற்பது போல, ஆள்வோரின் இயல்பை அறிய மக்களுள் ஒருவராக இருத்தல் வேண்டும் என்னும் கருத்தும் உள்ளது. ஆள்வோனைக் கீழிருந்து நோக்கும் கண் அந்நூலில் உண்டு என்பதை இவை காட்டுகின்றன. ஆயினும் ஒரு நூல் மக்களுக்கும் பயன்படும் என்பது வேறு. மக்களுக்காகவே மறைவாக எழுதப்பட்டது என்பது வேறு. முன்னதற்கே சான்று போதும்.

ஸ்ட்ராஸின் வாசிப்பைத் தனித்தனித் தடங்களாகப் பிரித்தே மதிப்பிட வேண்டும். அவற்றுள் மூன்றை இங்கு எடுத்துக்கொள்ளலாம். ‘இளவரசன்’ 13-ஆம் இயலில், சவுல் அளித்த படைக்கலத்தை மறுத்த தாவீது தன் கவணோடும் கத்தியோடும் போருக்குச் சென்றதாக மாக்கியவெல்லி எழுதுகிறார். விவிலியத்தில் தாவீது கோலும் கவணும் கற்களும் கொண்டு சென்றான். அவன் கையில் வாள் இல்லை என்றே அங்கு வலியுறுத்தப்படுகிறது. கடவுளின் துணை இருந்த இடத்தில் மாக்கியவெல்லி கத்தியை வைத்தார் என்பது இதிலிருந்து பெறப்படும் பொருள். இது கவர்ச்சியானது, ஆனால் கோலியாத்தின் வாளையே உருவி அவன் தலையைத் தாவீது கொய்தான் என்று அதே விவிலியம் கூறுவதால், நினைவிலிருந்து எழுதியவரின் மயக்கமாகவும் இதனைக் கொள்ளலாம். எளிய காரணம் உள்ள இடத்தில் இரண்டாம் அளவுகோல் ஐயத்தையே விட்டுவைக்கிறது.

அடுத்த தடம் வலியது. ‘உரைகள்’ முதற் புத்தகம் 26-ஆம் இயலில், புதிய ஆள்வோன் எல்லாவற்றையும் புதிதாக்க வேண்டும் என்பதற்குத் தாவீதை எடுத்துக்காட்டாக்கி, ஏழையை நிறைவித்துச் செல்வரை வறியராக்குதலைக் கூறும் தொடர் ஒன்றை அவன்மீது ஏற்றுகிறார் மாக்கியவெல்லி. அத்தொடர் லூக்கா நற்செய்தியில் மரியாளின் பாடலில் கடவுளைக் குறித்து வருவது. அதனையடுத்து, இத்தகைய வழிகள் மிகக் கொடியன, கிறித்தவ வாழ்வுக்கு மட்டுமின்றி மாந்த வாழ்வுக்கே பகையானவை என்றும் எழுதுகிறார். கடவுளுக்குரிய தொடரை மன்னனுக்கு மாற்றி, உடனே அச்செயலைக் கொடுமை என்பது நேர்ப்பொருளில் கடுமையாக இடறுகிறது. மரியாளின் பாடல் திருச்சபையின் மாலை வழிபாட்டில் நாள்தோறும் ஓதப்படுவது. எழுதியவர் அறியாதிருக்கவும் வாசித்தவர் கவனியாதிருக்கவும் வழியில்லை. எனவே இரண்டாம், மூன்றாம் அளவுகோல்களை இத்தடம் நிறைவு செய்கிறது. இங்கு ஆசிரியர் எதையோ வைத்திருக்கிறார் என்று கொள்வதே முறை.

மூன்றாம் தடம் எண் சார்ந்தது. லிவியின் வரலாறு 142 புத்தகங்கள். முதற் பத்தைப் பற்றியதாகக் கூறும் ‘உரைகள்’ நூலிலும் 142 இயல்கள். இவ்வொப்புமை வியப்பூட்டுவது, ஆனால் அது தன்னளவில் எந்தக் கருத்தையும் சொல்வதில்லை. ஆசிரியரின் நோக்கம் லிவியின் முழு வரலாற்றையும் தழுவியது என்று கொள்ளலாம். தற்செயல் என்றும் கொள்ளலாம். எண்ணை மட்டும் கொண்டு தத்துவம் கட்டுவது நான்காம் அளவுகோலுக்கு நில்லாது.

1521 மே 17-இல் குய்ச்சார்தினிக்கு எழுதிய மடலில், தாம் நெடுநாளாக நம்புவதைச் சொல்வதில்லை என்றும், மெய்யைச் சொல்ல நேர்ந்தால் அதனைப் பல பொய்களுக்கிடையே ஒளித்துவைப்பதாகவும் மாக்கியவெல்லி குறிப்பிடுவது மறைபொருள் வாசிப்பினர் பெரிதும் விரும்பும் சான்று. எனினும் அம்மடல், துறவியர் பேரவை ஒன்றில் சிறு பணிக்காக அனுப்பப்பட்டிருந்தபோது நண்பரோடு நகையாடி எழுதியது. அவர் மறைக்க வல்லவர் என்பதற்கு அது சான்றாகும். எங்கு எதை மறைத்தார் என்பதற்கு ஆகாது.

5. விருத்தாசலக் கல்வெட்டு: ஒரு சோதனை

இவ்வளவுகோல்கள் ஐரோப்பிய நூல்களுக்கு மட்டுமே பொருந்துவன எனக் கொள்ளாதிருக்க, நம் நிலத்து அரசியல் எழுத்தொன்றின்மீது அவற்றைப் பொருத்திப் பார்க்கலாம். இன்று பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற விருத்தாசலம், திருமுதுகுன்றம் எனத் தேவாரம் போற்றும் தொன்மையான ஊர். அங்குள்ள பழமலைநாதர் கோயில் வரலாற்று ஆய்வாளர்க்குக் கல்வெட்டுக் கருவூலமாகும். அங்குச் சக ஆண்டு 1108, அதாவது பொ.ஆ. 1186-ஐச் சேர்ந்த கல்வெட்டொன்று, ஆளப்பிறந்தான் வீரசேகரனாகிய காடவராயனைப் பற்றியது. கற்கடகமாராயனுக்குரிய கூடலையும் அதியமான் நாட்டையும் அவன் அழித்ததை அது கூறுகிறது; அவனுக்கு முற்பட்ட நான்கு தலைமுறையினரின் செயல்களையும் எடுத்துரைக்கிறது.

அப்போது சோழப் பேரரசன் மூன்றாம் குலோத்துங்கன். காடவர் சோழருக்கு உட்பட்ட குறுநிலத் தலைவர். ஏறத்தாழ 45 ஆண்டுகளுக்குப் பின் அக்குடியில் தோன்றிய கோப்பெருஞ்சிங்கன் சோழ மன்னன் மூன்றாம் இராசராசனைச் சிறைபிடித்துச் சேந்தமங்கலத்தில் வைத்தான். ‘அவனியாளப் பிறந்தான்’ என்பது அக்குடியின் பிற்கால விருது. இவ்வளவும் அறிந்த நமக்கு 1186-ஆம் ஆண்டுக் கல்வெட்டைக் காணும்போது ஓர் எண்ணம் தானாகவே எழும்: ‘ஆளப்பிறந்தான்’ என்னும் பெயரிலேயே கிளர்ச்சியின் விதை மறைந்திருக்கிறது, தன் குடிவரலாற்றைக் கல்லில் பொறித்த தலைவன், பேரரசனுக்கு மறைமுகமாக அறைகூவல் விடுக்கிறான்.

இவ்வாசிப்பு நான்கு அளவுகோல்களுக்கும் நிற்குமா? உட்பட்ட தலைவனுக்கு மறைக்கவேண்டிய தேவை இருக்கலாம், சூழல் பொருந்துகிறது. ஆனால் கல்வெட்டு கோயிற் சுவரில் எல்லாரும் காணப் பொறிக்கப்பட்டது; வெற்றிகளை ஒளிவின்றிக் கூறுகிறது. நேர்ப்பொருள் எங்கும் இடறவில்லை. குடிப்பெருமை பேசுவது அக்காலக் குறுநிலத் தலைவர் பலரின் வழக்கு. அறிவெல்லை என்னும் மூன்றாம் அளவுகோலோ முற்றிலும் எதிராக நிற்கிறது: 1186-இல் எழுதியவர் 1231-இல் நிகழப்போவதை அறியார். மேலும், ‘குலோத்துங்க சோழக் காடவராயன்’ எனப் பேரரசனின் பெயரையே தாங்கிய பெயரும் அக்குடியில் வழங்கியது. எனவே இங்கு நாம் காண்பது மறைக்கப்பட்ட கிளர்ச்சி அன்று. வெளிப்படையாகக் கூறப்பட்ட தன்மதிப்பு. பின்விளைவை முன்நோக்கமாகக் கொள்ளும் மயக்கமே அதனை மறைபொருளாகக் காட்டுகிறது.

இதற்கு மறுதலையான சான்றும் அருகிலேயே உள்ளது. கடலூரை அடுத்த திருவகீந்திபுரத்துக் கல்வெட்டு, போசள மன்னன் நரசிம்மனின் படைத்தலைவர்களான அப்பண்ணனும் சமுத்திர கோப்பையனும் கோப்பெருஞ்சிங்கனின் நாட்டை அழித்துச் சோழனை மீட்ட செய்தியைக் கூறுகிறது. ஆனால் அதன் தொடக்கமோ திரிபுவனச் சக்கரவர்த்தி என இராசராசனைப் போற்றி அவன் ஆட்சியாண்டைக் குறிக்கிறது. மூவுலகும் ஆள்பவன் சிறையிலிருந்து பிறரால் மீட்கப்படுகிறான். நேர்ப்பொருள் இங்கு வெகுவாக இடறுகிறது; எனினும் எழுதியோர் நகையாடினர் என்று கொள்ள இயலாது. ஆண்டு குறிக்கும் வாய்பாடு மரபின் பாற்பட்டது; செய்தி நிகழ்ச்சியின் பாற்பட்டது. இடறல் இருந்தும் மறைபொருள் இல்லை. எனவே தடம் ஒன்றே போதாது. அத்தடத்திற்கு வழக்கால் விளக்கம் உண்டா என்பதையும் உடன் கேட்டாக வேண்டும் என்னும் உண்மையை இக்கல்வெட்டு நிறுவுகிறது.

இவ்விரு கல்வெட்டுகளும் மாக்கியவெல்லி வாசிப்புக்கும் ஒளி தருகின்றன. ‘மாக்கியவெல்லியம்’ என்னும் சொல்லும், தடைநூற் பட்டியலும், பிற்காலச் சர்வாதிகாரிகளும் நம் நினைவில் உள்ளதால், 1513-இல் எழுதப்பட்ட வரிகளில் அவ்வளவையும் முன்கூட்டியே காண முற்படுகிறோம். அவரோடு பழகியவர் கண்ட நூலும் நாம் காணும் நூலும் சொல்லளவில் ஒன்றே. ஆனால் அவர்கள் அறியாத முடிவை நாம் அறிவோம். இவ்வறிவு ஆய்வுக்கு வளமும் ஆகும், கண்கட்டும் ஆகும்.

முடிவுரை

அரசியல் எழுத்தில் மறைபொருள் உண்டு என்பது மெய். அதனைக் காணும் உரிமை வாசகர்க்கு இயல்பாக வாய்ப்பதன்று, சான்றால் ஈட்டப்படுவது. சூழல், தடம், அறிவெல்லை, புறச்சான்று என்னும் நான்கும் ஒருங்கே துணைநிற்கும்போதே ஓர் உட்பொருளை ஆசிரியருடையது எனலாம். குறையும்போது அதனை வாசகரின் கருத்து என்றே வழங்க வேண்டும். இந்நெறியின்படி, ‘இளவரசன்’ நூலைப் பொறியாகவோ அங்கதமாகவோ கொள்வதற்குச் சான்று போதாது. ஆள்வோனைக் கீழிருந்து நோக்கும் பார்வை அதில் உண்டு என்பது நிறுவத்தக்கது. ‘உரைகள்’ நூலின் தாவீது பகுதி போன்ற சில இடங்களில் சமயம் பற்றிய துணிச்சலான உட்குறிப்பு உண்டு என்பதும் ஏற்கத்தக்கது. அச்சில இடங்களைக் கொண்டு நூல் முழுவதையும் மறைமொழியாக்குவது சான்றைக் கடந்த செயல்.

மேலைப் புலத்தில் ஸ்ட்ராஸ், ஸ்கின்னர் ஆகியோர் வழிவந்தோரிடையே நிகழ்ந்துவரும் இவ்வழக்கில் தமிழ் உரைமரபும் பங்கேற்கத் தகுதியுடையது. சொல்லாததைச் சொல்லும் கலையை அது போற்றியது. அதே வேளையில் அக்கலைக்கு நிலமும் எல்லையும் கூற்றுரிமையும் வகுத்தது. திருக்குறளின் பொருட்பால், புறநானூற்றின் தூதுப் பாடல்கள், குறுநிலத் தலைவரின் கல்வெட்டுகள் ஆகியவற்றை இந்நான்கு அளவுகோல்களின் வழி மீண்டும் வாசிப்பது, நாம் அவற்றில் கண்டவற்றுள் எவை நூலினுடையவை, எவை நம்முடையவை எனப் பிரித்தறிய உதவும்.